போன் கடைக்கு வாற கேள்வியள்: பிரைவசி, பேச்சுச் சுதந்திரம், சொந்தக்காரன்ட ஸ்கிரீன்ஷொட்

கல்முனையில போன் ரிப்பெயார் கடை போட்டு பதினாலு வருசம். ஊர் பாண்டிருப்பு. ஸ்கிரீன் மாத்த வாற ஆக்கள் வேல முடியுமட்டும் அந்த பிளாஸ்ரிக் கதிரையில சும்மா குந்தியிருக்க மாட்டாங்க, கேள்வி கேப்பாங்க, அதுவும் ஒரே கேள்வியத்தான் ஒவ்வொரு ஆளும் புதுசு மாதிரிக் கேப்பாங்க. வாய் நோகுது, அதால எழுதிப் போடுறன். நான் லோயர் இல்ல, கோட்டு கேசு எண்டு வந்தா லோயரப் பிடிங்க. ஆனா ஒரு நாளைக்கு இருவது பேருட போன திறந்து பாக்குறவன் எண்ட முறையில சில விசயம் தெரியும்.

கே: எனக்கு மறைக்க ஒண்டும் இல்ல தம்பி, பிறகு என்னத்துக்கு இந்த பிரைவசி கதை?

இதச் சொல்லுற ஆள்தான், ஸ்பீக்கர் செக் பண்ண ஒரு வீடியோ போடட்டா எண்டு நான் கெலரிக்குள்ள போகக்குள்ள "இஞ்ச தாங்க, நானே போட்டுக் காட்டுறன்" எண்டு போனப் பறிக்கிறது. கள்ளம் செஞ்சதால இல்ல. மனுசிட படம் இரிக்கும், ஈடு வச்ச நகைட துண்டு இரிக்கும், தங்கச்சிட கலியாணப் பேச்சு இரிக்கும். கிணத்தடியில கிடுகு மறைப்புக் கட்டுறம், உள்ளுக்க இருந்து ஆரும் கசிப்பு காச்சல்லயே.

ஆனா எங்கட பக்கத்துல இந்தக் கேள்விக்கு வேற ஒரு மறுமொழியும் இரிக்கு. 2002ல புலியளும் அரசாங்கமும் சண்டைய நிப்பாட்டின சமாதான காலத்துல கூட்டத்துக்குள்ள நிண்டு எடுத்த படம் அண்டைக்கு சாதாரண படம். அஞ்சு வருசம் போக அதே படம் அலுமாரிக்குள்ள கிடந்தா நித்திர வராது. எத்தின வீட்டுல ராவோட ராவா அல்பத்தக் கிழிச்சு அடுப்புல போட்டாங்க. படம் மாறல்ல, பாக்குற ஆள்தான் மாறினது. இப்ப நீங்க போடுற படத்த, போடுற லைக்க பத்து வருசத்துக்குப் பிறகு ஆர் பாக்கப் போறாங்க, அப்ப எது குற்றமா இரிக்கும் எண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

சின்ன வயசுல ஆமி ஊர வளைச்சுத் தேடுற ரவுண்டப் பாத்தவங்களுக்கு தலையாட்டி எண்டா விளங்கும். ஊராக்கள வரிசையா நடக்க விடுவாங்க, முன்னால முகத்த மூடின ஒரு ஆள் இருப்பான், அவன் தலைய ஆட்டினா உங்கட கதை முடிஞ்சு. வந்தாறுமூலை கெம்பசுல அகதியா இருந்த சனத்துக்குள்ள இருந்து 1990 செப்டம்பர் 5 கொண்டு போன 158 பேர் இன்னும் வரல்ல. அந்த மாதிரி வரிசையில நிண்ட ஆரும் "எனக்கு மறைக்க ஒண்டும் இல்ல" எண்டு நிம்மதியா நிண்டிருப்பாங்களா? இந்தத் தலையாட்டிய கீழயும் இழுப்பன், நினைப்புல வச்சுக்கொள்ளுங்க.

கே: எங்கட நாட்டுச் சட்டத்துல பிரைவசி உரிமை எண்டு ஒண்டு இரிக்கா?

அரசியலமைப்புல அடிப்படை உரிமை அத்தியாயத்துல பேச்சுச் சுதந்திரம் 14(1)(அ) எண்டு இரிக்கு, தகவல் அறியிற உரிமை 2015ல 19ஆம் திருத்தத்தோட 14அ எண்டு சேந்திச்சு. பிரைவசி எண்டு பேர் சொல்லி ஒரு உரிமை இல்ல. இந்தியாவுலயும் எழுத்துல இல்லதான், ஆனா அங்க 2017 ஓகஸ்ட்ல ஒம்பது நீதவான்மார் ஒண்டா இருந்து, உயிர் வாழுற உரிமைக்குள்ளயே தனியுரிமையும் இரிக்கு எண்டு தீர்ப்புச் சொல்லிட்டாங்க. எங்களுக்கு அப்படி ஒண்டு வரல்ல.

அதுக்குப் பதிலா 2022ல தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 9ஆம் இலக்கம், வந்திச்சு. பேங்கோ ஆஸ்பத்திரியோ கடையோ உங்கட விபரத்த எடுத்தா என்னத்துக்கு எடுக்குற எண்டு சொல்லணும், அந்தத் தேவைக்கு மட்டும் பாவிக்கணும், பிழையா இருந்தா திருத்தச் சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இரிக்கு. நல்ல சட்டம். ஆனா பாஸ் பண்ணின கையோட நடைமுறைக்குக் கொண்டு வரல்ல, முக்கியமான பகுதியள தள்ளிப்போட்டு, மறுகாவும் தள்ளிப்போட்டாங்க. அதுக்கிடையில நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதான் வாயடைக்கிற சட்டம் எண்டு சனம் பேசுறது, வந்த உடனயே நடைமுறை. எதுக்கு அவசரம், எதுக்கு அவசரமில்ல எண்டு நீங்களே கணக்குப் பாருங்க.

கே: ஐடென்டி, அதான் அடையாள அட்டை, கொப்பி கேட்டா குடுக்கலாமா?

குடுக்காம ஒரு அலுவலும் நடக்காது, அது தெரியும். சிம் எடுக்க, லோன் எடுக்க, பார்சல் எடுக்க, எல்லாத்துக்கும் கொப்பி. லோன் காசு தாற கொம்பனிக்காரர் குறூப்புல இருக்குற அவ்வளவு பொம்புளையள்ட கொப்பியையும் ஒரே பைலுக்குள்ள போட்டு மோட்டர்சைக்கிள் பெட்டியில வச்சுக்கொண்டு ஊர் சுத்துறாங்க.

கன பேருக்குத் தெரியாத விசயம், அந்த நம்பரே உங்கட கதைய சொல்லும். புது 12 இலக்க நம்பர்ல முதல் நாலும் பிறந்த வருசம், அடுத்த மூணும் வருசத்துல எத்தினயாம் நாள் எண்டது, பொம்புளையா இருந்தா அதோட 500 கூட்டியிருக்கும். நம்பர் மட்டும் கிடைச்சா காணும், உங்கட பிறந்த நாளும் ஆம்புளையா பொம்புளையா எண்டதும் வந்திட்டு. மறுகா பேங்குக்கு கோல் எடுத்தா "உங்கட பிறந்த திகதிய சொல்லுங்க" எண்டுதான் ஆள அடையாளம் பிடிக்கிறாங்க. பிறந்த நாளப் போன் லொக்கா வச்சிருக்குற ஆக்கள் இதுல ஒருக்கா நிண்டு யோசிங்க, என்ட கடைக்கு வாற போன்ல அரைவாசிக்கு அதான் பாஸ்வேர்ட்.

என்ன செய்யலாம் எண்டா, கொப்பிக்கு மேல பேனையால குறுக்கால எழுதுங்க: "இன்ன சிம் எடுக்க மட்டும்", திகதி. எழுத்து நம்பருக்கு மேலால போகணும், ஓரத்துல எழுதினா வெட்டி எடுத்திருவாங்க. முறைச்சுப் பாப்பாங்க, பாக்கட்டும். கொமியூனிகேசன் கடையில கொப்பி அடிக்கக்குள்ள பிழைச்ச தாள கேட்டு வாங்கிக்கொண்டு வாங்க. ஒரு நாள் நான் கச்சான் வாங்கி திண்டு முடிச்சிட்டு சுருளத் திறந்து பாத்தா ஆரோ ஒரு புள்ளைட பிறப்புச் சாட்சிப் பத்திரம், தாய் தகப்பன் பேர், விலாசம், எல்லாம் எண்ணெய்க் கறையோட. நாங்க ஹேக்கர் வருவான் எண்டு பயந்துகொண்டு இரிக்கம், இஞ்ச கச்சான் வண்டியில போகுது.

கே: வட்சப்புல கதைக்கிறத ஆரும் ஒட்டுக் கேக்கலாமா?

நடுவால இருந்து கேக்குறது லேசில்ல. வட்சப் 2016ல இருந்து எல்லா மெசேஜையும் கோலையும் இந்த முனையில பூட்டி அந்த முனையிலதான் திறக்குது, சிக்னல் எண்ட அப்புட பூட்டுத்தான் அதுக்குள்ளயும் வேல செய்யுது. இடையில சிம் கொம்பனிக்கோ வட்சப் கொம்பனிக்கோ போறது விளங்காத எழுத்து. வைபரும் அப்படித்தான். டெலிகிராம் அப்படியில்ல, கன பேர் பிழையா நினைக்கிறாங்க, அதுல சீக்ரட் சட் எண்டு தனியாத் திறந்தாத்தான் அந்தப் பூட்டு, சாதாரண சட்டும் குறூப்பும் அவங்கட சேர்வர்ல கிடக்கும்.

ஆனா பூட்டுற சாமான் மெசேஜ் மட்டுந்தான். நீங்க ஆரோட, எத்தின மணிக்கு, எத்தின தரம் பேசின எண்டது தெரிய வரலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு லோயருக்கு மூணு தரம் கோல் எடுத்திருந்தா என்ன பேசின எண்டு கேக்கத் தேவையில்லயே. கூகுள் டிரைவுக்கு பெக்கப் போகுதெண்டா அந்த பெக்கப்புக்கு தனியாப் பூட்டுப் போடணும், 2021ல இருந்து அந்த வசதி செட்டிங்ஸ்ல இரிக்கு, தானா ஒன் ஆகாது. "லிங்ட் டிவைசஸ்" எண்ட இடத்தப் போய்ப் பாருங்க, உங்களுக்குத் தெரியாத கொம்பியூட்டர் ஏதும் நிண்டா கழட்டி விடுங்க. ஒரு அக்கா போன் ஹேக் எண்டு அழுது கொண்டு வந்தா, திறந்து பாத்தா வீட்டுல ஒரு ஆள் அவ குளிக்கப் போன நேரம் போன எடுத்து கியூஆர் அடிச்சு வச்சிரிக்கான். அவ்வளவுதான் ஹேக்.

மறுகா, இந்தப் பூட்டெல்லாம் இருந்தும் எங்கட ஊர்ல விசயம் வெளிய போறது எப்படி? ஸ்கிரீன்ஷொட். போன வருசம் எங்கட வட்டாரத்து வட்சப் குறூப்புல நான் ஒரு மெசேஜ் போட்டன், வடிகான் வேல எண்டு ரோட்டக் கிண்டிப் போட்டு எட்டு மாசமா மூடல்ல, காசு எங்க போன எண்டு. இருநூத்திச் சொச்சம் பேர் இருக்குற குறூப், பாதிப் பேர் சொந்தக்காரங்க. அண்டைக்குப் பின்னேரமே ஸ்கிரீன்ஷொட் போக வேண்டிய இடத்துக்குப் போயிட்டு. அடுத்த கிழமை என்ட கடை போர்ட்டுக்கு அனுமதி இல்லையாம் எண்டு ஒரு ஆள் அளக்க வந்தார். பதினாலு வருசமாத் தொங்குற போர்ட். ஆர் அனுப்பின எண்டு எனக்குத் தெரியும், கோயில் திருவிழாவுல பக்கத்துல நிண்டு சாமி தூக்குறவர்தான்.

பெகாசஸ் எண்டு ஒரு உளவு மென்பொருள், ஒரு லிங்க் கூட அமத்தாம போனுக்குள்ள போற சாமான், அது பத்திக் கேட்டு பயப்படுற ஆக்கள் வாறாங்க. அது நாடுகள் கோடிக்கணக்குல காசு குடுத்து வாங்குறது, எங்கட வடிகானுக்கு அத ஆரும் வாங்க மாட்டாங்க. எங்களுக்குத் தலையாட்டி காணும். முகத்த மூடத் தேவையுமில்ல இப்ப.

கே: அப்ப குறூப்புல எழுதவே கூடாதா?

எழுதுங்க. இருநூறு பேர் இருக்குற குறூப் சந்தி, அது வீடு இல்ல. சந்தியில நிண்டு சத்தமாச் சொல்லக்கூடியத மட்டும் அதுல எழுதுங்க, நான் அந்த வடிகானப் பத்தி இப்பவும் எழுதுவன். சந்தியில சொல்ல ஒண்ணாதத ஒரு ஆளுக்கு, தனியா, மறையிற மெசேஜ் ஒன் பண்ணிட்டு. அதுவும் ஆளப் பாத்து.

கே: ஆறு இலக்கக் கோட் ஒண்டு வந்திச்சு, தெரிஞ்ச ஆள் கேட்டார், அனுப்பிட்டன். இப்ப வட்சப் போயிட்டு.

அந்தத் தெரிஞ்ச ஆளுட வட்சப்பும் ஏற்கனவே போயிட்டு, அவர்ட பேர்ல கள்ளன்தான் கேட்டிரிக்கான். உடன உங்கட நம்பரப் போட்டு திரும்பப் பதிஞ்சு பாருங்க, கோட் உங்கட சிம்முக்குத்தான் வரும், அடிச்சா அவன் வெளிய. சொந்தக்காரங்களுக்கு கோல் எடுத்து காசு கேட்டா போடாதீங்க எண்டு சொல்லுங்க. மறுகா டூ ஸ்டெப் பின் ஒண்டு போடுங்க. பிறந்த வருசம் வேணாம்.

கே: என்ட மனுசன் கட்டார்ல. பாஸ்வேர்டத் தா எண்டு சண்ட பிடிக்கிறார். குடுக்கவா?

இந்தக் கேள்விய கடையில ஆரும் இருந்தா கேக்க மாட்டாங்க, மத்தியானம் சனம் இல்லாத நேரம் பாத்து, போன் சார்ஜர் வாங்க வந்த மாதிரி வந்து கேப்பாங்க. நான் குடும்பத்துக்குள்ள தலையிட மாட்டன். ஆனா ஒண்டு கேப்பன்: அவர் அவர்ட பாஸ்வேர்டத் தந்தாரா? அதுக்கு ஒரு சிரிப்பு வரும், மறுமொழி வராது.

உங்கட போன்ல உங்கட கதை மட்டும் இல்ல புள்ள. உங்கட ராத்தா புருசன்ட அடி தாங்க ஒண்ணாம அனுப்பின வொய்ஸ் இரிக்கும், கூட்டாளிட பிரச்சின இரிக்கும், அவங்க உங்கள நம்பி அனுப்பின. நீங்க பாஸ்வேர்டக் குடுத்தா அவங்கடயையும் சேத்துத்தான் குடுக்குறீங்க. அத அவருக்கு அப்படியே சொல்லிப் பாருங்க, கன ஆம்புளையள் அதக் கேட்டா அடங்குவாங்க.

வெளிநாட்டு ஆக்களுக்கும் ஒண்டு. துபாய்ல வட்சப் கோல் எடுபடாது, அதால இமோ, பொட்டிம் எண்டு ஏதோ ஒண்ட போட்டுப் பேசுறம். வளைகுடா நாடுகள்ல இருந்துகொண்டு அந்த நாட்டு அரசாங்கத்தப் பத்தியோ சமயத்தப் பத்தியோ பேஸ்புக்ல எழுதினா இஞ்சத்த மாதிரி விளையாட்டு இல்ல, ஜெயில், மறுகா நாடு கடத்தல். இஞ்ச இருந்து நீங்க அவர டெக் பண்ணினாலும் அது அவர்ட சுவர்லதான் போய் ஒட்டும். கோபத்துல டெக் பண்ணாதீங்க.

கே: பேஸ்புக்ல மனசுல பட்டத எழுதினா பிடிப்பாங்களா?

இதுக்கு ஓம் இல்ல எண்டு ஒரு சொல்லுல மறுமொழி இல்ல, கொஞ்சம் நீட்டுவன்.

மட்டக்களப்புல பேச்சுச் சுதந்திரத்துக்கு விலை எவ்வளவு எண்டு எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 மட்டக்களப்பு டவுனுக்குள்ள பட்டப்பகல்ல வேலைக்குப் போற வழியில சுட்டுக் கொல்லப்பட்டார். தராக்கி எண்ட பேர்ல எழுதின மட்டக்களப்பு ஊடகவியலாளர் சிவராம் அடுத்த வருசம் ஏப்ரல் 28 கொழும்புல கடத்தப்பட்டு அடுத்த நாள் பிணமாக் கிடந்தார். அவர் இருந்த தமிழ்நெட் செய்தித் தளத்த 2007ல இஞ்ச திறக்க ஏலாம அடச்சாங்க. இணையத்துல ஒரு தளத்த அடைக்கிறது எப்படி எண்டு இந்த நாடு எங்கட செய்தியிலதான் பழகிச்சு. ரெண்டு கொலைக்கும் இண்டுவரைக்கும் ஆருக்கும் தண்டனை இல்ல.

இப்ப ஆளச் சுடுறது குறைஞ்சிட்டு, சட்டம் வந்திட்டு. மூணு சட்டம் தெரிஞ்சிரிக்கணும்.

பழசு, 1979ல தற்காலிகம் எண்டு கொண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிகத்துக்கு நாப்பது வருசத்துக்கு மேல வயசு. 2020, 2021ல மட்டக்களப்புப் பக்கம் பேஸ்புக் பதிவுக்காக இதுல பிடிபட்டு மாசக்கணக்கா, சில பேர் வருசத்துக்கு மேல உள்ள இருந்தாங்க, ஒரு ஊடகவியலாளரும் அதுக்குள்ள. கவிதை எழுதின மன்னார்ப் பொடியன் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மேயில பிடிபட்டு ஒண்டரை வருசத்துக்கு மேல இருந்துதான் பிணையில வந்தார், 2023 டிசம்பர்ல கோடு விடுதலை பண்ணிச்சு. தீவிரவாதத்துக்கு எதிரா எழுதின கவிதைக்கு தீவிரவாதி எண்டு பிடிச்ச கதை அது. தமிழ் தெரியாத ஆக்கள் தமிழ்க் கவிதைக்கு அர்த்தம் சொன்னா இப்படித்தான்.

ரெண்டாவது 2007ட ஐ.சி.சி.பி.ஆர் சட்டம், அதான் சிவில், அரசியல் உரிமையள் பத்தின சர்வதேச உடன்படிக்கைச் சட்டம். இனம், சமயம் எண்டு வெறுப்பத் தூண்டினா குற்றம், பத்து வருசம் வரைக்கும் போகலாம், பிணை மேல் நீதிமன்றத்துலதான். பேரக் கேட்டா சிறுபான்மையப் பாதுகாக்கிற சட்டம். ஆனா 2019ல இதுல உள்ள போனது ஆர் எண்டா பேஸ்புக்ல ஒரு சிறுகதை போட்ட சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, நாலு மாசத்துக்கு மேல. ஊருக்கு நெருப்பு வச்ச ஆக்கள் இதுல மாட்டுறது குறைவு.

மூணாவது நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024ட 9ஆம் இலக்கம். ஜனவரி 24 பார்லிமெண்டுல 108க்கு 62 எண்டு பாஸ் ஆச்சு. பொய்க் கூற்று எண்டு ஒரு ஆணைக்குழு முடிவெடுக்கும், அஞ்சு பேர் கொண்ட ஆணைக்குழு, அஞ்சு வருசம் வரைக்கும் மறியல் இல்லாட்டி அஞ்சு லட்சம் வரைக்கும் குற்றப்பணம், இல்லாட்டி ரெண்டும். எது பொய் எண்டு முடிவெடுக்கிற வேலைய அரசாங்கம் நியமிக்கிற ஆக்கள்ட கையில குடுத்தா, வடிகான் காசு எங்க எண்டு கேட்டதே பொய்க் கூற்று ஆகிரும். இதுக்குள்ள ஆளுட தனிப்பட்ட தகவல வெளிய விட்டு வதைக்கிறது குற்றம் எண்டும் ஒரு பிரிவு இரிக்கு, அது நல்லம், இல்ல எண்டு சொல்லல்ல. பாலுக்குள்ள ஒரு சொட்டு விசம் எண்டா பரவாயில்ல, இது விசத்துக்குள்ள ஒரு சொட்டுப் பால்.

அப்ப என்ன செய்யுற? ஆளத் திட்டாதீங்க, செயலக் கேளுங்க. "இவன் கள்ளன்" எண்டு எழுதினா நிரூபிக்கிற பாரம் உங்கட தலையில. "இந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கின, எவ்வளவு செலவு, பில் எங்க" எண்டு கேட்டா அவர்ட தலையில. அதுக்கு ஆயுதமும் இரிக்கு, 2016ட தகவல் அறியும் உரிமைச் சட்டம். அந்த ஒபிசுட தகவல் அதிகாரிக்கு எழுத்துல குடுங்க, தமிழ்லயே குடுக்கலாம், என்னத்துக்குக் கேக்குற எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, 14 வேலை நாளுக்குள்ள தாறமா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். நான் அந்த வடிகானுக்கு அப்படித்தான் குடுத்தன். குடுத்துப் பத்தாம் நாள் குழி மூடியாச்சு, மறுமொழிக் கடிதம் பிறகுதான் வந்திச்சு.

கே: அப்ப கண்ட கண்ட ஆக்கள் கண்டதையும் எழுத விடுற தான் சுதந்திரமா? அம்பாறையில நடந்தத மறந்திட்டீங்களா?

மறக்கல்ல. கடையில முஸ்லிம் காக்காமார் இந்தக் கேள்வியக் கேப்பாங்க, கேக்குறதுல நியாயம் இரிக்கு. 2018 பெப்ரவரி 26 ராத்திரி அம்பாறை டவுன்ல ஒரு முஸ்லிம் ஹோட்டல்ல கறிக்குள்ள கட்டி ஒண்டு கிடந்திச்சாம், அது மலட்டுக் குளிசையாம் எண்டு சனத்தக் கூட்டி, சிங்களம் சரியா விளங்காத அந்த மனிசன நெருக்கி ஓம் எண்ட மாதிரி சொல்ல வச்சு, அத வீடியோ எடுத்து பேஸ்புக்ல விட்டாங்க. கடையும் உடைஞ்சு பள்ளிவாசலும் உடைஞ்சு. மறுகா அரச பகுப்பாய்வாளர் பாத்திட்டுச் சொன்னார் அது மாவுக் கட்டி எண்டு. ஆள மலடாக்குற அப்படி ஒரு குளிசையே உலகத்துல இல்ல. ஆனா அந்த வீடியோ ஓடி, ஒரு கிழமைக்குள்ள கண்டிப் பக்கம் திகன பத்தி எரிஞ்சிச்சு. ரெண்டு வருசம் கழிச்சு 2020 மேயில பேஸ்புக் கொம்பனி மன்னிப்புக் கேட்டிச்சு.

அண்டைக்கு அரசாங்கம் செஞ்சது என்ன? மார்ச் 7ல இருந்து ஒரு கிழமை பேஸ்புக், வட்சப், வைபர் எல்லாத்தையும் எல்லாருக்கும் அடச்சிச்சு. 2019ல ஈஸ்டர் அண்டைக்கு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல குண்டு வெடிச்ச நேரமும் அப்படித்தான், ஏப்ரல் 30 வரைக்கும் பூட்டு. வெளிநாட்டுல இருந்த ஆக்கள் தாய் தகப்பன் உயிரோடயா எண்டு கேக்க வழியில்லாம துடிச்ச துடிப்பு எனக்குத் தெரியும், கடையில இருந்து ஐடிடி கோல் எடுத்துக் குடுத்தவன் நான். வதந்தியும் நிக்கல்ல, வதந்திய மறுக்கிற ஆளுட வாய்தான் நிண்டிச்சு.

அதால என்ட கருத்து இதுதான்: அடி, வெட்டு, கொளுத்து எண்டு ஆளக் கூட்டுறது பேச்சு இல்ல, அது பெற்றோல். அதுக்கு சாதாரண சட்டமே காணும், எடுத்துப் போட மனசுதான் வேணும். மத்தப் பேச்சு எனக்குப் பிடிக்காட்டியும் இருந்திட்டுப் போகட்டும்.

எங்கட பங்குக்கு போர்வேர்ட அமத்த முந்தி ஒருக்கா மேல பாருங்க, ரெட்டை அம்பு போட்டு பல தரம் அனுப்பின மெசேஜ் எண்டு வட்சப்பே சொல்லும், அத ஒரு நேரத்துல ஒரு சட்டுக்குத்தான் அனுப்பலாம் எண்டு 2020ல கட்டுப்பாடு போட்டதும் இந்தக் கூத்தாலதான். "கடல் வருது" எண்டு வொய்ஸ் வந்தா அனர்த்த முகாமைத்துவத்துட 117க்கு எடுங்க. சுனாமியில ஆளத் துலைச்ச கரை இது, அந்த வொய்ஸ விளையாட்டுக்குச் செய்யிறவனுக்கு பேச்சுச் சுதந்திரம் எண்டு நான் வக்காலத்து வாங்க மாட்டன்.

கே: விபிஎன் போட்டா குற்றமா?

விபிஎன் எண்டா உங்கட இணையப் போக்குவரத்த வேற ஒரு கொம்பனிட சேர்வர் வழியாத் திருப்பி விடுற அப். இஞ்ச விபிஎன் எண்டதே குற்றம் எண்டு சட்டம் இல்ல. 2022 ஏப்ரல் 3 பதினஞ்சு மணித்தியாலம் போல பேஸ்புக்க அடச்ச நேரம் அண்டைக்கு அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்ஷவே, விபிஎன் இருக்கக்குள்ள இந்தத் தடையால பிரயோசனம் இல்ல, நானே இப்ப அதத்தான் பாவிக்கிறன் எண்டு எழுதினார். துபாய்ல மட்டும் கவனம், அங்க அத வச்சு குற்றம் செஞ்சா குற்றப்பணம் லட்சக்கணக்கு திர்ஹம். இஞ்ச பிரச்சின என்ன எண்டா இலவச விபிஎன். சிம் கொம்பனி பாக்கக் கூடாது எண்டு உங்கட போக்குவரத்து முழுக்க பேர் தெரியாத கொம்பனிக்குக் குடுக்குறீங்க. அவன் என்னத்துக்கு சும்மா தாறான்?

கே: பேக் ஐடி, அதான் பொய்ப் பேர்ல பேஸ்புக் கணக்கு, வச்சிரிக்கிறது பிழையா?

ஆளுட பேரையும் படத்தையும் களவெடுத்து அவர் மாதிரி நடிச்சா பிழை, கேசு. ஆனா ரோசாப்பூ படமும் "மழைத்துளி" எண்ட பேருமா இருக்குறது கள்ளம் இல்ல. எங்கட பக்கத்துப் பொம்புளப் புள்ளையள்ட ப்ரொபைல் படங்களப் பாருங்க, பூ, முயல்குட்டி, ஆரோ ஒரு குழந்தை. சொந்தப் பேர்ல ஒரு வரி எழுதினா அண்ணன்ட கூட்டாளி பாத்து, அண்ணனுக்குச் சொல்லி, வீட்டுல போனப் பறிப்பாங்க. சீதனத்தப் பத்தி, பஸ்ஸுல படுற பாட்டப் பத்தி, வேல செய்யிற இடத்து ஆக்களப் பத்தி எங்கட பக்கத்துல எழுதின நல்ல பதிவு கனக்க இந்த முயல்குட்டியள்தான் எழுதின. பேர் போடாம எழுதுற உரிமை இல்லாட்டி எங்கட ஊர்ல பொம்புளையளுக்குப் பேச்சுச் சுதந்திரமே இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

ஒண்டு மட்டும் சொல்லுறன் கா: பேக் ஐடிக்கு உங்கட சொந்த நம்பரக் குடுக்காதீங்க. நம்பர் சேவ் பண்ணியிரிக்குற ஆக்களுக்கெல்லாம் "இவவத் தெரியுமா" எண்டு பேஸ்புக்கே காட்டிக் குடுக்கும். அதுவும் ஒரு தலையாட்டி.

கே: படம் இரிக்கு, காசு தராட்டி போடுவன் எண்டு மிரட்டுறான்.

முதல் விசயம் காசு போடாதீங்க, ஒருக்காப் போட்டா மறுகாவும் கேப்பான். பிளொக் பண்ண முந்தி மெசேஜ், நம்பர், ப்ரொபைல் லிங்க், காசு கேட்ட பேங்க் நம்பர் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்க, ஸ்கிரீன்ஷொட்டுக்கு நல்ல பயன் எண்டா இது ஒண்டுதான். ஸ்டொப்என்சிஐஐ (StopNCII) எண்டு ஒரு தளம் இரிக்கு, படத்த வெளிய அனுப்பாம உங்கட போன்லயே அதுக்கு ஒரு கைரேக மாதிரி நம்பர் செஞ்சு, அத வச்சு பேஸ்புக், இன்ஸ்டா மாதிரித் தளங்கள்ல அந்தப் படத்த ஏத்த விடாமத் தடுக்கும், பதினெட்டுக்கு மேல உள்ள ஆக்களுக்கு. சின்னப் புள்ளையள்ட விசயம் எண்டா 1929, பொம்புளையள் எண்டா 1938, கணக்கு, ஹேக் விசயம் எண்டா இணையப் பாதுகாப்பப் பாக்குற அரச நிறுவனம் சேர்ட்டுட (CERT) 101.

மறுகா வீட்டு ஆக்களுக்கு: புள்ள வந்து சொன்னா முதல்ல அடிக்காதீங்க. அவன்ட முழுப் பலமும் நீங்க அடிப்பீங்க எண்ட பயத்துலதான் இரிக்கு.

கே: பொலிஸ் போனத் திற எண்டு கேட்டா?

ஏன், எந்தச் சட்டத்துல எண்டு மரியாதையாக் கேக்கலாம், கேக்குறது குற்றம் இல்ல. கைது எண்டா காரணம் சொல்லணும், அரசியலமைப்பு 13(1). அந்தப் பொலிஸ்காரர்ட பேர், இலக்கம், நேரம், இடம் குறிச்சு வைங்க. போன எடுத்தா துண்டு எழுதி வாங்குங்க. அழிச்சா, உடைச்சா அது தனிக் கேசாகிரும், செய்யாதீங்க. உரிமை மீறின எண்டா மனித உரிமை ஆணைக்குழுவுக்குக் குடுங்க, மட்டக்களப்புலயும் கல்முனையிலயும் ஒபிஸ் இரிக்கு, கோல் எடுக்க 1996. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்கு எண்டா ஒரு மாசத்துக்குள்ள போடணும், அந்த ஒரு மாசத்துக்குள்ள ஆணைக்குழுவுல முறைப்பாடு பதிஞ்சா விசாரிக்கிற காலம் அதுல சேராது. இந்த ஒரு மாசக் கணக்குத் தெரியாம எத்தினயோ பேர் நல்ல வழக்கத் துலைச்சிரிக்காங்க.

லொக்குக்கு விரல விட நம்பர் நல்லம். உங்கட விரலப் பிடிச்சு வைக்க ஏலும், நித்திரையில மனுசிக்கும் ஏலும்.

கே: போனத் தந்திட்டுப் போறன், பாஸ்வேர்ட துண்டுல எழுதித் தரவா?

வேணாம். ஸ்கிரீனும் பெற்றியும் மாத்த எனக்குப் பாஸ்வேர்ட் தேவையில்ல, வேல முடிய நீங்களே திறந்து டச் இழுபடுதா எண்டு பாருங்க. எழுதித் தா எண்டு கேக்குற கடையில என்னத்துக்கு எண்டு கேளுங்க. சாம்சங்ல மெயின்டனன்ஸ் மோட் எண்டு ஒண்டு இரிக்கு, ஒன் பண்ணித் தந்தா உங்கட படமோ மெசேஜோ எனக்குத் தெரியாது, போன் மட்டும் வேல செய்யும். சிம்மையும் மெமரி கார்டையும் கழட்டிக்கொண்டு போங்க, போன வருசத்துக் கார்ட் ரெண்டு இன்னும் என்ட லாச்சிக்குள்ள கிடக்கு, ஆர்ட எண்டு திறந்து பாக்கவும் மனசு வரல்ல. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பக்கத்துக் கடையெல்லாம் பூட்டிக் கிடக்கும், நான் திறந்துதான் இரிப்பன், அந்த நேரம் சனமும் குறைவு.